பாத்ரூம் பரண்மேல் ஒரு பரபரப்பு!

ஹீட்டர் மாற்றுவது என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? பழசைக் கழற்று, புதுசை மாட்டு, ஸ்விட்சைப் போடு, குளி. அவ்வளவுதானே? அப்படி நம்பிக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு என் பின்னாலேயே வாருங்கள். இடம்: வேளச்சேரி, சித்தி வீட்டு பாத்ரூம். ஸ்டூல் போட்டாச்சு. டார்ச் அடிச்சாச்சு. மேலே பரண். அதற்குள்ளேதான் படுத்திருக்கிறார் நம் கதாநாயகர். பதினாலு தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் நடத்திவைத்த 25 லிட்டர் ஹீட்டர். இப்போது கடைசி மூச்சில்.

‘சென்னைக்காரனுக்கு எதுக்கய்யா ஹீட்டர்?’ என்று ஊட்டிக்காரர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். மே மாதத்தில் எங்கள் மொட்டை மாடி டேங்க் தண்ணீரே கையைச் சுடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்கழியில் 20 டிகிரி வந்துவிட்டால் மஃப்ளரும் குல்லாயுமாக நடமாடுகிற இனம் நாங்கள். அதிலும் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. வெந்நீர் இல்லாவிட்டால் அவர் குளிக்க மாட்டார். அவர் குளிக்காவிட்டால் சித்தி டிபன் போட மாட்டார். ஆக, பிரச்னை சீரியஸ்.

அறிகுறிகள் ஏற்கெனவே வரிசைகட்டி வந்திருக்கின்றன. “ஆறு மாசமா உள்ள யாரோ பாக்கு இடிக்கிற மாதிரி சத்தம்டா. அப்புறம் தண்ணி வெதுவெதுன்னுதான் வந்துது. போன வாரம் துருத் தண்ணி. நேத்து ஸ்விட்சைப் போட்டா வீடே இருட்டாயிடுச்சு” என்றார் சித்தி. டாக்டரிடம் சொல்லவேண்டிய வரலாறு. ஆனால் சித்தப்பா டாக்டருக்காகக் காத்திருக்கவில்லை. நேரே கடைக்குப் போய், பளபளவென்று டிஜிட்டல் டிஸ்ப்ளே வைத்த, நெடுக்காக மாட்டுகிற 15 லிட்டர் ஹீட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

பிளம்பர் அண்ணன் வந்தார். பெட்டியைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். இடுப்பிலிருந்து டேப்பை உருவி, பரணின் உயரத்தைச் சர்ரென்று அளந்தார். “சார், இது நிக்கிற ஹீட்டரு. உங்க பரண்ல படுக்கிற ஹீட்டருதான் போவும். அதுலயும் பைப்பு லெஃப்ட் சைடு வேணுமா, ரைட் சைடு வேணுமான்னு கேட்டுதான் வாங்கணும்.” சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். நெடுக்காக மாட்டுகிற ஹீட்டரைப் படுக்கப்போட்டால் ஓடாதா என்று நானும் மெதுவாகக் கேட்டு வைத்தேன். கூடவே கூடாதாம்! ஏன் என்பதில்தான் இந்த டப்பாவின் முதல் ரகசியம் இருக்கிறது.

நாம் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் தொட்டியிலிருந்து வெந்நீர் தானாக இறங்கி வருவதில்லை! பச்சைத் தண்ணீர் உள்ளே நுழைந்து, அடியிலிருந்து, வெந்நீரை மேலே தள்ளிவிடுகிறது. சூடானது லேசாகி மேலே மிதக்கும். அதனால் வெளியே போகிற குழாய் தொட்டிக்குள் உச்சிவரை நீண்டிருக்கும். தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும், ஒரு சொட்டு வெளியே போனால் ஒரு சொட்டு உள்ளே. நிற்க வேண்டியதைப் படுக்கவைத்தால் அந்தக் குழாயின் வாய் உச்சியில் இருக்காது. பாதிச் சூடும் பாதிக் குளிருமாகக் கலந்து வரும், அதோடு ஹீட்டிங் ராடும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக் கருகிப்போகும். நல்லவேளை, பெட்டி பிரிக்கவில்லை. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். படுக்கை மாடல், ரைட் சைடு, 15 லிட்டர், 10,200 ரூபாய். முந்தையதைவிடக் கூடத்தான்.

கடையில் இன்னொரு நாடகம். “அஞ்சு ஸ்டார் எடுத்துக்கோங்க சார், கரன்ட் பில் பாதியாயிடும்” என்றார் விற்பனைப் பையன். தம்பி, ஒரு நிமிஷம்! ஹீட்டரில் ஒட்டியிருக்கிற நட்சத்திரம், சூடாக்கி வைத்த தண்ணீர் சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு வெப்பத்தைக் கோட்டைவிடுகிறது என்பதற்கான மார்க். நாள் முழுக்க ஆன் பண்ணி வைக்கிற வீட்டுக்கு அது தங்கம். குளிக்கப்போகும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற சித்தி வீட்டுக்கு அதனால் பெரிய லாபமில்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.6 யூனிட் வேண்டும். 2,000 வாட் ராடுக்குக் கிட்டத்தட்ட 20 நிமிஷ வேலை. எத்தனை ஸ்டார் ஒட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. என்னைக் கேட்டால், டிஸ்ப்ளேவுக்குக் கொடுக்கிற காசைத் தொட்டியின் உள்பூச்சுக்குக் கொடுக்கலாம்.

“பேசாம கேஸ் கீசர் போட்டுடலாமா, கரன்ட்டே வேணாம்” என்று சித்தப்பா இழுத்தார். அந்தப் பேச்சே வேண்டாம் என்று சித்தி கையை ஓங்கிவிட்டார். நியாயம்தான். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும்; நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே முடித்துவிடும். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர் முதல் கேஸ் வெந்நீர்க் கருவியைச் செய்தபோதே புகை வெளியேறப் போக்கி வைக்கவில்லை என்கிற அதே தலைவலிதான் இருந்தது. கேஸ் கீசர் வேண்டுமென்றால் வெளியே, திறந்த இடத்தில் மாட்டுங்கள். இரண்டாவது மாடி பாத்ரூம் பரணில் வேண்டவே வேண்டாம்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம்!

முதலில் மெயினில் கரன்ட் கட். அடுத்து மொட்டை மாடி வால்வை மூடினார் அண்ணன். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. தொட்டி காலியோ? இல்லவே இல்லை. உள்ளே காற்று போக வழியில்லாததால் தண்ணீர் இறங்க மறுக்கிறது. “சேஃப்டி வால்வ்ல குட்டி லீவர் இருக்கும், அதைத் தூக்கினா கொட்டிரும்” என்று ஸ்டூல்மேல் ஏறியவர், அங்கேயே நின்றார். கீழே இறங்கவும் இல்லை, பேசவும் இல்லை. பிறகு மெதுவாக, “சார்… இதுல எம்-சீல் வச்சது யாரு?”

சித்தப்பா தரையைப் பார்த்தார்.

வால்வின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகிப் பரணில் வைத்திருந்த பழைய சூட்கேஸை நனைத்ததாம். அதனால் அவரே கைப்பட அடைத்துவிட்டாராம், சில வருஷங்களுக்கு முன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அந்தச் சொட்டு ஒழுகல் கோளாறே இல்லை, அதுதான் அந்த வால்வின் உத்தியோகம். தண்ணீர் சூடானால் பெருக்கும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு ஏற்றினால் சுமார் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகிவிடும். 25 லிட்டர் என்றால் அரை லிட்டருக்கு மேல். அது வந்த வழியே திரும்பிப் போகவும் முடியாது, வால்வுக்குள்ளேயே ஒருவழித் தடுப்பு இருக்கிறது. ஆக, கூடுதல் தண்ணீரும் கூடுதல் அழுத்தமும் வெளியேற ஒரே வாசல் அந்த மூக்கு. அதை எம்-சீலால் அடைத்துவிட்டு, உள்ளே இருக்கிற தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் மட்டுமே நம்பி, அதன் அடியில் இத்தனை நாள் நின்றுகொண்டு ஸ்தோத்திரம் சொல்லிக் குளித்திருக்கிறார் சித்தப்பா! சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தார். சித்தப்பாவுக்கு மட்டும் இல்லை.

ஒருவழியாகத் தண்ணீர் வடிந்தது. ஹீட்டரைக் கழற்றியும் ஆயிற்று. ஆனால் வெளியே வர மறுத்தது! ஹீட்டர் மாட்டிய பிறகுதான் பரணுக்குச் சட்டமும் கதவும் போட்டிருக்கிறார்கள். ஹீட்டரின் வயிறோ கதவுச் சட்டத்தைவிடப் பெருசு. இப்படித் திருப்பி, அப்படிச் சாய்த்து, ‘கொஞ்சம் லெஃப்ட்ல விடுங்க… இல்ல ரைட்டு’ என்று மூன்று பேர் கத்திப் பார்த்தோம். கடைசியில் தெருமுனை ஆசாரியைக் கூப்பிட்டுச் சட்டத்தையே பெயர்த்தெடுத்தோம். திரும்ப மாட்ட அறுநூறு ரூபாய். இந்தச் செலவை எந்த ஹீட்டர் விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

அதற்குள் ‘ஃப்ரீ இன்ஸ்டலேஷன்’ தம்பி வந்து சேர்ந்தார், கம்பெனிச் சட்டையும் முதுகில் பையுமாக. எனக்கு இந்த ஃப்ரீயின் உள்விவகாரம் தெரிந்தாக வேண்டும் என்று ஆசை. கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “மாட்டுறது ஃப்ரீ சார். கனெக்‌ஷன் பைப்பு, ஆங்கிள் காக்கு, ஃபாஸ்னரு எல்லாம் தனி. பழசைக் கழட்டுறது எங்க லிஸ்ட்ல இல்ல. செவுத்து வேலை கண்டிப்பா இல்ல.” அதாவது, காற்றில் ஹீட்டர் தானாக மிதந்துகொண்டிருந்தால் அதன் வால்வை இலவசமாகத் திருகித் தருவார்.

செவுத்து வேலை என்று அவர் சொன்ன முகூர்த்தம், அடுத்த நிமிஷம் ‘டக்’. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி இணைப்புக் குழாயான பழைய நிப்பிளை பைப் ரிஞ்ச்சால் திருகிய பிளம்பர் அண்ணனின் கையில் பாதி நிப்பிள். மீதிப் பாதி, துருப்பிடித்து, சுவருக்குள்ளே. கம்பெனித் தம்பி பையை மாட்டிக்கொண்டு, “ரெடியானதும் போன் பண்ணுங்க சார்” என்று மறைந்துவிட்டார்.

ஹீட்டர் மாற்றும் கதையில் கிளைமாக்ஸ் இதுதான், தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஜி.ஐ. பைப் போட்ட வீடுகளில் வெந்நீர் லைனின் நிப்பிள் முறிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரலாம். சித்தி வீட்டு டைல்ஸில் சின்னச் சின்ன ஊதாப் பூ. அந்த டிசைன் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு டைல் உடைந்தால் ஒரு சுவரையே மாற்ற வேண்டும். ஒரு சுவரை மாற்றினால் மற்ற மூன்றும் பல்லிளிக்கும். அண்ணன் எல்லோரையும் வெளியே அனுப்பினார். நான் மட்டும் கதவிடுக்கில் நின்றுகொண்டேன்.

ஹாக்ஸா பிளேடை இரண்டாக ஒடித்தார். முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சுவருக்குள் இருக்கிற நிப்பிள் துண்டின் உள்பக்கத்தில் மெல்ல அறுக்க ஆரம்பித்தார். ரொம்ப ஆழம் போனால் வெளியே இருக்கிற சாக்கெட்டின் மரை போய்விடும். போதாவிட்டால் துண்டு அசையாது. கண்ணால் பார்க்க முடியாத இடம். சத்தத்தைக் கேட்டே அறுக்கிறார்! துருப்பிடித்த இரும்பை அறுக்கும்போது ஒரு சத்தம், நல்ல இரும்பைத் தொடும்போது ஒரு சத்தம். எதிர்ப்பக்கமும் ஒரு வெட்டு. பிறகு சின்ன உளியை வெட்டில் வைத்து ஒரே தட்டு. துண்டு உள்பக்கமாக மடங்கியது. குறடால் ஒரு சுழற்றில் வெளியே! டைலில் கீறல்கூட இல்லை. நான் கைதட்டிவிட்டேன். அண்ணன் வெட்கப்பட்டு, “டெஃப்லான் டேப்பு குடுங்க சார்” என்றார். அன்றைக்கு அவர் கேட்ட கூலி 1,500. அந்த ஒரு தட்டுக்கே அது தகும்.

இப்போது போஸ்ட்மார்ட்டம். பழைய ஹீட்டரைப் பால்கனியில் குப்புறப் போட்டு மூடியைக் கழற்றினோம். தெர்மோஸ்டாட், அது கைவிட்டால் காப்பாற்ற இன்னொரு கட்-அவுட், ஒயர்கள். அதற்கு அடியில் போல்ட் போட்டு இறுக்கிய வட்டத் தட்டு. போல்ட்டைக் கழற்றித் தட்டை இழுத்தால்… வரவில்லை. இழு, இழு. ‘ப்ளக்’ என்று வந்தது.

ஆகா, என்ன ஒரு காட்சி! ஹீட்டிங் ராடே தெரியவில்லை. வெள்ளையும் பழுப்புமாக, கைப்பருமனுக்குச் சுண்ணாம்பு அப்பியிருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்தால் சடசடவென்று பாதி வாளிக்குச் சில்லுகள். வேளச்சேரி போர் தண்ணீரின் கைவண்ணம். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டால் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். எங்கே அதிகச் சூடோ அங்கே, அதாவது ராடின்மேலேயே. சந்தேகமா? சித்தியிடம் அரை மூடி எலுமிச்சம்பழம் வாங்கி ஒரு சில்லின்மேல் பிழிந்தேன். சுர்ரென்று நுரை! சித்தப்பா குழந்தையாகிவிட்டார். “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்று நாலு சில்லுக்குப் பிழிந்து பார்த்தார். ரசத்துக்கு வைத்திருந்த பழம் முழுக்கக் காலி.

பாக்கு இடிக்கிற சத்தத்தின் குட்டும் வெளிப்பட்டது. சுண்ணாம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் தப்பிக்க வழியின்றி அங்கேயே கொதித்து, ஆவிக்குமிழாக வெடித்து வெடித்து வந்த சத்தம் அது. வெதுவெதுப்புக்கும் அதுவே காரணம். ராடின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் ராடுக்குள்ளேயே தங்கி, கடைசியில் அதன் உறையில் விரிசல். தண்ணீர் உள்ளே போக, கரன்ட் வெளியே கசிய, ட்ரிப்பர் வீட்டை இருட்டாக்கியது. “இருட்டாச்சேன்னு கவலப்படாதீங்கம்மா. அது இல்லேன்னா ஷாக்கு அடிச்சிருக்கும்” என்றார் ஸ்விட்ச் வேலைக்கு வந்திருந்த எலெக்ட்ரீஷியன் தம்பி.

அதே தட்டில் ராடுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி துருத்திக்கொண்டிருந்தது. வேறொன்றுமில்லை, வெறும் கம்பி. “இதுதான் சார் ஆனோடு” என்றார் அண்ணன். ஒரு காலத்தில் அது விரல் தடிமனுக்கு மக்னீசியம் தண்டு. தொட்டியின் இரும்பைவிட மக்னீசியம் சீக்கிரம் அரிக்கப்படும். தண்ணீர் முதலில் அதைத் தின்னட்டும், தொட்டி தப்பிக்கட்டும் என்றுதான் அதை உள்ளே தொங்கவிடுகிறார்கள். தின்றுமுடித்து எத்தனை வருஷமோ! அதற்குப் பிறகு தொட்டியைத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. அதுதான் போன வாரத்துத் துருத் தண்ணீர். சில நூறு ரூபாய்ச் சமாசாரம் இந்தத் தண்டு. வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார், தேய்ந்திருந்தால் மாற்று, கூடவே சுண்ணாம்பையும் சுத்தம் பண்ணு என்பதுதான் வைத்தியம். ஹீட்டர் வைத்திருக்கும் பலருக்கும் உள்ளே இப்படி ஒரு ஜீவன் இருப்பதே தெரியாது. வாரன்டி அட்டைக்குத் தெரியும்! அதில் பொடி எழுத்தில், உப்புப் படிவதால் வரும் கோளாறுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கிறதா என்று வாங்கும்போதே தேடுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. போர் தண்ணீர் வீடுகளில் ஹீட்டரின் ஆயுசை எழுதுவது கம்பெனி இல்லை, மோட்டார்.

எலெக்ட்ரீஷியன் தம்பியின் பங்கு சின்னதுதான். 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், சாதாரண 5 ஆம்பியர் பாயின்ட் தாங்காது. சித்தி வீட்டில் பெரிய பிளக்தான், ஆனால் ஒரு கால் கருகி பிளாஸ்டிக் உருகியிருந்தது. பிளக்கைத் தூக்கியெறிந்து 20 ஆம்பியர் ஸ்விட்ச் போட்டார். எர்த் வருகிறதா என்று சோதித்துப் பார்த்தார். முடிந்தது.

கம்பெனித் தம்பியும் திரும்பி வந்து, மாட்டவேண்டியதை மாட்டினார். வால்வின் மூக்கிலிருந்து ஒரு மெல்லிய டியூபைத் தரைச் சாக்கடைவரை இழுத்துவிடச் சொன்னார் பிளம்பர் அண்ணன், சித்தப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. உடனே ஸ்விட்சைப் போடப் போனார் சித்தப்பா. மூன்று பேரும் ஒரே குரலில் “சார்!” முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைக்க வேண்டும். புஸ், புஸ் என்று காற்றைத் துப்பி, துப்பி, பிறகு தடையில்லாமல் தண்ணீர் வரவேண்டும். அப்போதுதான் தொட்டி நிறைந்ததாக அர்த்தம். வெறும் தொட்டியில் ராடைச் சூடாக்கினால் புத்தம்புது ராடு அங்கேயே காலி.

சித்தி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஹீட்டர் 10,200. கனெக்‌ஷன் பைப் ஜோடி 600, ஆங்கிள் காக் இரண்டுக்கு 900, ஃபாஸ்னர் 150, நிப்பிள், எல்போ வகையறா 450. ஸ்விட்சும் ஒயரும் 750, எலெக்ட்ரீஷியன் 500, பிளம்பர் 1,500, ஆசாரி 600. மொத்தம் 15,650. ஹீட்டர் விலையில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியிருக்கிறவற்றுக்கே போயிருக்கிறது. அதிலும் பாதித் தொகை, பரணில் ஏறி ஒருதரம் டேப் வைத்துப் பார்க்காமல் கடைக்குப் போகிற எவருக்கும் கண்ணில் படாத தொகை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் ஒரு சுவாரஸ்யம். கம்பெனித் தம்பி, “பழசை நான் எடுத்துட்டுப் போயிடவா சார், உங்களுக்கு எதுக்கு இடைஞ்சல்?” என்றார். பிளம்பர் அண்ணனும் அதே நேரத்தில், “நான் எடுத்துக்கிறேம்மா, கீழதான் வண்டி இருக்கு” என்றார். இடைஞ்சலைத் தூக்கிப்போக இத்தனை போட்டியா? சித்தி உஷாராகிவிட்டார். “இருக்கட்டும்ப்பா, இவன் பார்த்துப்பான்” என்று என்னைக் கைகாட்டினார்.

தூக்கிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் தொட்டியில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. முகம் வாடியது. “இரும்பு. அந்தக் காலத்து ஹீட்டர்ல தொட்டியே செம்புல இருக்கும் தம்பி, அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுப்பாங்க.” பிறகு சுண்ணாம்பு அப்பிய ராடை எடுத்து ஆணியால் சுரண்டினார். பளிச்சென்று சிவப்பு. உறை செம்பு! முகம் மலர்ந்தது, ஆனால் விலை மலரவில்லை. சுண்ணாம்பையும் சேர்த்து நிறுக்கச் சொன்னேன். ‘அதெல்லாம் தட்டிட்டுதான்’ என்று சுத்தியலை எடுத்தார். தட்டத் தட்ட எடை இறங்கியது. கடைசியில் எல்லாம் சேர்த்து 500 ரூபாய்.

சித்தியிடம் நீட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படியே பிளம்பர் அண்ணனுக்கு போன் போட்டார். “தம்பி, அந்த ஆனோடு கம்பி ஒண்ணு இப்பவே வாங்கி வச்சிடு. காசு தனியா எடுத்து வச்சிருக்கேன். அடுத்த மார்கழிக்கு முன்னாடி நீயே வந்து திறந்து பாரு. இவர் பரண் பக்கம் போகாம நான் பார்த்துக்கறேன்.”